ஒரு சார்ஜுக்கு ஆறு சாயங்காலம்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, ஒரு கேம் கன்ட்ரோலரைத் தகரத்தின் மேல் வெயிலில் காயப்போட்டேன்.

ஆமாம்... மிளகாய் காயவைப்பது போலத்தான். உருண்டு விழாமல் இரண்டு பக்கமும் சின்னக் கல் வைத்து.

சிரிக்கிறீர்களா? லயத்தில், அதுதான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். டோர்ச் மங்கினால் உள்ளே இருக்கும் பேட்டரியை எடுத்து வெயிலில் வைப்போம். சாயங்காலம் திரும்பப் போட்டால் இன்னும் இரண்டு மூன்று நாள் எரியும். ரேடியோவுக்கும் அதே வைத்தியம்தான். வெயில் இல்லாத நாளில் அடுப்பு ஓரம். அடுப்பும் அணைந்திருந்தால் பல்லால் ஒரு கடி. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தும்மல் வருவது போல அதுவாக வரும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு வெலிமடையில் லீக்ஸ் மூட்டை கட்டினேன். அப்புத்தளையில் ஒரு பேக்கரியில் மாப் பிசைந்தேன். பதுளையில் ஒரு போன் ரிப்பேர் கடையில் பதினொரு மாதம் நின்றேன். இந்தக் காலத்து பேட்டரிக்கு வெயில் ஆகாது என்று அங்கே நன்றாகத் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன? தலைக்குத்தானே தெரியும். கைக்குத் தெரியவில்லை. பேட்டரி மங்குகிறது என்றதும் கை வெயிலைத் தேடிப் போய்விட்டது.

என் சாமான் என்றால் பரவாயில்லை. அது அடுத்த வீட்டு சாமான்.

ஐந்து மாதமாக நான் இருப்பது நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், லயத்தின் கடைசி அறையில். காம்பரா என்போம். அதற்கு உரியவர் கொழும்பில் மகனோடு இருக்கிறார். ஆள் இல்லாவிட்டால் கதவு முதல் தகரம் வரை கழன்றுவிடும் என்று என்னைக் காவலுக்கு வைத்திருக்கிறார். கூரை இரண்டு இடத்தில் ஒழுகும். பாத்திரமும் இரண்டு இருக்கிறது. மழை பெய்தால் சமைக்க முடியாது, அவ்வளவுதான்.

அடுத்த காம்பராவில் புவனா. தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். மாமியாரும் அவளும்தான் வீட்டில். கணவன் ரவி வளைகுடாவில் ஒரு பெரிய கட்டடத்துக்குக் காவல். கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகிறது. சேர்ந்து இருந்ததை மட்டும் கூட்டினால் பதினான்கு மாதம்.

அவர்களுடையதுதான் அந்தக் கன்ட்ரோலர். 'பேட்' என்றுதான் சொல்வார்கள்.

கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு எதற்கு கேம் விளையாடும் பேட்? எனக்கும் முதலில் புரியவில்லை. பிறகு ஒரு நாள் அவள் போன் எடுப்பதைப் பார்த்தேன்.

புவனாவின் போனுக்கு அவள் விரலைத் தெரியாது. தேயிலைச் சாறு ஏறிக் கறுத்து, வெடித்து, தடித்த விரல். ஸ்கிரீனில் வைத்து அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மூன்றாம் தரம் அழுத்தினால் வேண்டாத எதையோ திறக்கும். அதனால் விரலை மடக்கி, முட்டியால் தட்டித்தான் நம்பர் போடுவாள் — கதவைத் தட்டுவது மாதிரி.

ரவிக்கு போனில் ஒரு கேம் பைத்தியம். நிலம் வெட்டி, வீடு கட்டி, மாடு வளர்க்கிற கேம். எங்கெங்கோ இருக்கிற இரண்டு பேர் ஒரே நிலத்தில் சேர்ந்து நடக்கலாம். நீயும் வா என்று அவளைக் கூப்பிட்டிருக்கிறான். போனால், அவளுடைய பொம்மை நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. விரலுக்கு அசையவில்லை. "பட்டன் இருந்தா உனக்கு அமுக்க வரும்ல" என்று லீவில் வந்த ஒருவர் கையில் இந்த பேடைக் கொடுத்து அனுப்பினான். கறுப்பு பேட். சுற்றிவர ஒரு நீல லைட். போனைப் பால்மா டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பேடைப் பிடித்துக்கொண்டால், அந்த வெடித்த விரலுக்கு அந்த கேமின் ஊர் முழுவதும் அசைந்தது.

நான் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பச்சைச் சரிவு. சிவப்புக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. ஒரு மாடு. கீழே ஆறு. ரவி எப்போது பார்த்தாலும் வேலி கட்டிக்கொண்டிருப்பான். புவனா ஒரு வேலையும் செய்யமாட்டாள்.

"காலையிலேருந்து மலையில நிக்கிறேன். அங்கயும் போயி செடி புடுங்கவா?" என்பாள்.

ஆற்றோரமாக நடப்பாள். போய் ஒரு கல்லில் உட்காருவாள். அந்த கேமில் இருபது நிமிடத்துக்கு ஒரு பொழுது சாயும். ஆறு ஆரஞ்சு நிறமாகும். வேலியை விட்டுவிட்டு ரவியும் வந்து பக்கத்தில் உட்காருவான். "பொழுது சாயுதுங்க" என்பாள் புவனா. நாள் முழுக்க வெயிலிலும் மழையிலும் நின்ற ஒருத்தி, லயத்துத் தரையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து, ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த ஒரு மலையின் அடிவாரத்தில் இருந்துகொண்டு, இல்லாத ஒரு ஊரின் சாயங்காலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. பொறாமையாக இருந்தது.

ரவிக்கு வெள்ளிக்கிழமை லீவு. இவள் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, குளித்து, ஐந்து மணிக்கு உட்காருவாள். அங்கே அப்போது மத்தியானம் இரண்டரை. பேட் புதிதாக வந்தபோது முழு சார்ஜ் போட்டால் இரண்டு மணித்தியாலம் நின்றது. அதாவது ஆறு சாயங்காலம்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. யாரும் போட்ட சட்டம் இல்லை, அதுவாக வந்தது. பேடில் நீல லைட் எரியும் வரை போன் புவனாவுக்கு. லைட் அணைந்துவிட்டால் போன் மாமியாருக்கு. மருமகள் விளையாடுகிறாள் என்று அந்த அம்மா கிட்டே வரமாட்டார். சமையல் பக்கம் இருந்து எட்டிப் பார்ப்பார். லைட் எரிகிறதா... சரி. அணைந்ததா... கையைத் துடைத்துக்கொண்டு வருவார். மகனிடம் கேட்க அவருக்கும் ஆயிரம் இருக்கிறது. மற்ற நாட்களில் ரவிக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். அதில் மூன்று அம்மாவுக்கு.

ஆக, புருசனும் பெண்டாட்டியும் தனியாகப் பேசுவதற்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த கேம். ஒரே நேரம் அந்த லைட்.

ஆறு சாயங்காலம் நான்காகியது. நான்கு இரண்டாகியது.

அப்போதுதான் ரவி என்னைக் கூப்பிட்டான். ரிப்பேர் தெரிந்த ஆள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் லயத்தில் அதற்கே மரியாதை உண்டு.

"அண்ணே, அந்த பேடை கொஞ்சம் பாருங்கண்ணே."

"லைட்டு இருக்குதே ரவி, அதுதான் தின்னுது."

"எது தின்னாலும் சரி. எனக்கு ஒரு நாளாவது முழுசா ஓடணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "கம்பெனியில கேக்குறாங்கண்ணே. இன்னும் ரெண்டு வருசத்துக்கு கையெழுத்து போடுறியா, இல்ல போறியான்னு. மாசம் முடியிறதுக்குள்ள சொல்லணும். புவனாகிட்ட கேக்காம எப்பிடி?"

"கேளு. அதுக்கு என்ன?"

"கேக்கத்தான் பாக்குறேன். 'புவனா, ஒன்னு கேக்கணும்'னு ஆரம்பிப்பேன். டக்குனு நின்னுரும். அவ ஆளு அப்பிடியே ஆத்தோரத்துல செலையா நிக்கும். பொறகு அம்மா போன வாங்கிருவாங்க."

"அம்மா இருக்கும்போதே கேட்டா என்ன?"

"அப்ப அவ 'உங்க இஷ்டம்'னுதாண்ணே சொல்லுவா. அது எனக்கு வேணாம்." பிறகு, சும்மா சொல்வது போலச் சொன்னான்: "அவ செலையா நின்ன பொறகும் நான் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்திருப்பேன். அடுத்த பொழுது சாயுற வரைக்கும்."

இதைக் கேட்டுவிட்டு ஒருத்தன் சும்மா இருக்க முடியுமா?

முதலில் கறுப்பு டேப் ஒட்டினேன். நீல லைட்டின் மேல் சுற்றிவர. முட்டாள் வேலை. மறைத்தால் வெளிச்சம்தான் நமக்குத் தெரியாமல் போகும், உள்ளே அது எரிந்துகொண்டுதானே இருக்கிறது? வெள்ளிக்கிழமை வருவதற்குள் பனியில் நனைந்து டேப்பும் உரிந்து விழுந்தது. அந்த வெள்ளி இரண்டு சாயங்காலம்கூட இல்லை. மாசம் முடிய இன்னும் ஒரே ஒரு வெள்ளி.

பிறகுதான் அந்தப் புதன்கிழமை. பத்து நாள் தூறலுக்குப் பிறகு பளீரென்று வெயில். நமுனுகுல உச்சி முழுவதும் தெரிந்தது. புவனா மலைக்குப் போயிருந்தாள். பேட் என்னிடம் இருந்தது. கை, தகரம், கல்... முன்பே சொல்லிவிட்டேன்.

இரண்டு மணிக்கு எடுத்தபோது பேடின் முதுகு புடைத்திருந்தது. மூடி ஒரு பக்கம் வாயைத் திறந்திருந்தது. பட்டனை அழுத்தினேன். நீலமாக ஒரு கண் விழித்தது. பத்து நிமிடத்தில் செத்துப்போனது.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். மடியில் ஒரு துணிப் பை. உள்ளே அந்த பேட். வளைவுக்கு வளைவு பனி வந்து ஜன்னலை மூடும், விலகும், மூடும். பக்கத்தில் இருந்தவர் பையில் என்ன என்று கேட்டார். சுகமில்லாத ஒரு ஜீவன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். "சாமான்" என்றேன்.

நான் பதினொரு மாதம் நின்ற அந்தக் கடை நிலாம் நானாவுடையது. முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் மேலே. நானா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி பேடைப் பார்த்தார். 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' என்றுதான் வரும்.

"என்ன தம்பி, இதுக்கு வயிறு ஊதி ஈக்கி?"

"வெயில்ல வச்சேன் நானா."

"எங்க, ஜன்னல் பக்கமா?"

"தகரத்து மேல."

நானா பேடை மெதுவாக மேசையில் வைத்தார்.

"நீங்க என்ட கடையில நின்டது வெளிய யாருக்காவது தெரியுமா?"

"கொஞ்ச பேருக்குத் தெரியும்."

"இனி சொல்ல வேணாம்."

முதுகைக் கழற்றினார். உள்ளே பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. பல் குத்தும் குச்சியைவிட மெல்லிய ஒரு தகட்டை விட்டு மெதுவாக நெம்பி எடுத்தார். இது வெடித்திருந்தால் லயத்தில் அந்தக் கரை முழுவதும் போயிருக்கும் என்று சாதாரணமாகச் சொன்னார். புதிதாக, கொஞ்சம் பெரிய பேட்டரி ஒன்று வைத்தார். அதற்குக் காசு வாங்கினார். என் வெட்கத்துக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை.

"லைட்டையும் நிப்பாட்டிடுங்க. அதாலதான் இவ்வளவும்."

"நிப்பாட்ட ஏலுமா?"

"ஏன் ஏலாது? பெட்டியோட வந்த கடுதாசியில எழுதி ஈக்குமே."

"அது சீன எழுத்து நானா."

"படமும் சீனத்திலயா போட்டு ஈக்கி?"

இரண்டு சின்ன பட்டன்களைச் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினார். நீலம் போய்விட்டது. பேட் வேலை செய்தது, ஆனால் வெளிச்சம் இல்லை. அதே மாதிரி அழுத்தினால் திரும்ப வரும். அவ்வளவுதான். இத்தனை மாதம் மூன்று விநாடி வேலையைச் செய்யாமல் நாங்கள் டேப் ஒட்டினோம், வெயிலில் காயப்போட்டோம்...

சாயங்காலம் புவனா மலையிலிருந்து இறங்கி வந்தபோது பேடை நீட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இனி பதினஞ்சு சாயங்காலம் வரும் புவனா."

வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"லைட்டு?"

"நிப்பாட்டியாச்சு. அதுதான் பேட்டரிய தின்னது."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. கூடையை இறக்கி வைத்தாள். காலில் ஒட்டியிருந்த அட்டைப் பூச்சியைக் கிள்ளி எறிந்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள்:

"உங்கள யாருண்ணே இதெல்லாம் செய்யச் சொன்னது?"

"ரவிதான். பாவம், அவன் உன்கிட்ட ஏதோ கேக்கணும்னு..."

"தெரியும்."

"தெரியுமா?"

"லைட்டு பாதி தின்னுச்சு. மிச்சத்த தின்னது நான்தாண்ணே." குழாயைத் திறந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "வியாழக்கிழம சார்ஜுல போடுவேன். பாதியில வயரை புடுங்கிருவேன்."

நான் வாசல் கல்லில் உட்கார்ந்தேன்.

"கேப்பாரு. என்ன சொல்லச் சொல்றீங்க? அங்க பாருங்க." கையை நீட்டினாள். லயத்துக்குக் கீழே, எஸ்டேட் பிரித்துக் கொடுத்த துண்டு நிலத்தில் அவர்களுடைய வீடு. சுவர் ஜன்னல் மட்டம் வரை வந்து நின்றுவிட்டது. அதன் மேல் பூசணிக் கொடி ஏறியிருந்தது. "வாங்கன்னு சொன்னா அது அப்பிடியே நிக்கும். இருங்கன்னா... எப்பிடிண்ணே அத வாயால சொல்றது? போன தடவ நான்தான் சொன்னேன். சரி, கையெழுத்து போடுங்க, கூரை போட்டுட்டு வாங்கன்னு. ரெண்டு வருசம் போச்சு. சுவரு ரெண்டு கல்லு ஏறியிருக்கு."

குழாயை மூடினாள்.

"பேட்டரி செத்துப்போனா யாரு மேலயும் பழி இல்லீங்கள்ல."

பேடை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுதமாட்டேன். தூங்கினேன். ஆனால் படுப்பதற்கு முன் கொஞ்சம் யோசித்தேன். நாம் எல்லோருமே இப்படி ஒரு பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டுதானே வாழ்கிறோம்? டவர் இல்லை, மழை வருகிறது, ஆள் வந்துவிட்டார், அப்புறம் எடுக்கிறேன்... நான் மூன்று ஊரை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். மூன்று தடவையும் வாசலில் நின்றவர்களிடம் பஸ் போய்விடும் என்றுதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பஸ் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை வந்தது.

ஐந்து மணிக்குப் பனி இறங்கிவிட்டது. லயத்து வாசலில் நின்றால் எதிர் லயம் தெரியாது. குரல் மட்டும் வரும் — யாரோ ஆட்டைக் கூப்பிடுகிறார்கள், யாரோ வாளியைக் கீழே வைக்கிறார்கள். உலகம் கரைந்துபோய், சத்தம் மட்டும் மிச்சம் இருப்பது போல. வெளியே எங்காவது போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். லயத்துச் சுவர் கூரை வரை போகாது. இங்கே பேசினால் அங்கே கேட்கும். ஆனால் தூறல் விழுந்தது. தூறலில் வெளியே போனால் அட்டை. சரி... மறைக்க என்ன இருக்கிறது? போக மனம் வரவில்லை.

புவனா இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பேசினாள். எனக்குக் கேட்டது அவள் பக்கம் மட்டும்.

"மாட்ட கட்டிட்டீங்களா?... ம்... நான் இங்கதான் இருக்கேன், ஆத்துப் பக்கம்... பொழுது சாயுதுங்க."

ஒன்று.

கீழ் லயத்தில் நடந்த கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். யார் யார் வந்தார்கள், சோற்றில் உப்பு இல்லை, மாப்பிள்ளைக்குச் சிரிப்பே வரவில்லை. இரண்டாவது பொழுது சாய்ந்தது. வழக்கமாக இந்த இடத்தில் நின்றுபோயிருக்கும். நிற்கவில்லை. மூன்று. "இந்த வேலிய எத்தன தடவதான் கட்டுவீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். நான்கு.

பிறகு பேச்சு நின்றுவிட்டது.

ரவி கேட்டுவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தேன். தகரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும்.

அந்த நேரம் பார்த்து சமையல் பக்கமிருந்து மாமியாரின் குரல்.

"என்ன புள்ள, லைட்டு இல்லையே. செத்துப்போச்சா? போன குடு, அவன்கிட்ட ஒன்னு கேக்கணும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டுச் சட்டத்தையே நான் மறந்துவிட்டிருந்தேன். லைட்டை நிறுத்தினால் போதும் என்று நினைத்தேனே தவிர, அந்த அம்மா எட்டிப் பார்ப்பது லைட்டைத்தான் என்பது தோன்றவே இல்லை. புவனாவுக்கு இப்போது வயரைப் பிடுங்க வேண்டியதும் இல்லை. "ஆமா அத்தை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேட்டரி நிரம்பி இருக்கும்போதே தப்பித்துக்கொள்ள நான் வழி செய்து கொடுத்திருந்தேன். யார் மேலும் பழி இல்லை.

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

"இல்ல அத்தை" என்றாள் புவனா. "இன்னும் உசிரோடதான் இருக்கு. லைட்ட மட்டுந்தான் அண்ணன் நிப்பாட்டி வச்சிருக்காரு."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"முடிஞ்சதும் தர்றேன்."

மாமியார் போனாரா, அங்கேயே நின்றாரா தெரியாது. போன மாதிரி சத்தம் இல்லை.

"ஏங்க..." என்றாள் புவனா. "வாங்க."

"கேட்டுச்சா? வாங்கன்னேன்... கூரைய பொறகு பாப்போம். ஒரு ரூம்பு மட்டும் தகரத்த போட்டு மூடிக்குவோம். இல்லாட்டி இங்கயே இருப்போம், அத்தையோட. எல்லாரும் அப்பிடித்தானே இருக்காங்க... வேல இல்லாட்டி என்ன, வெலிமடையில தோட்ட வேல இருக்கு, கெழங்கு தோண்டுங்க. நானும் மலைக்கு போறேன்ல."

ரவி ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"போன தடவ நான் சொன்னது தப்புங்க. அதையும் இப்பவே சொல்லிடுறேன்."

அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. கரண்டியாக இருக்கும். மாமியார் அங்கேயேதான் நின்றிருக்கிறார்.

புவனாவின் குரல் மாறவில்லை. "அழாதீங்க. யாராச்சும் பாக்கப் போறாங்க... இங்க பாருங்க, பொழுது சாயுது."

நான் அதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். கதவைத் திறந்துகொண்டு தூறலில் இறங்கினேன். கீழே போகும் பாதையில் பத்து அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அட்டை இரண்டு காலிலும் ஏறியது. ஏறட்டும் என்று நடந்தேன்.

மறுநாள் ரவி கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் சொல்லிவிடப்போவதாகச் சொன்னான். இரண்டு மாதத்தில் வருகிறானாம். வந்து என்ன செய்வது என்று தெரியாதாம். பயமாக இருக்கிறதாம். "நல்லா இருக்குண்ணே" என்றான் அதே மூச்சில். பயம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமியார் மூன்று நாள் மருமகளோடு பேசவில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு. கூரை போட்ட வீட்டில் ஒரு வருடமாவது இருந்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்று நினைத்திருப்பார். நாலாம் நாள் காலையில், தேங்காய் துருவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "எந்த மாசம்னு சொன்னான்?" என்று கேட்டாராம். புவனாதான் சொன்னாள்.

நான் இன்னும் அந்தக் கடைசிக் காம்பராவில்தான் இருக்கிறேன். வழக்கமாக ஐந்து மாதத்தில் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். கீழே அந்தப் பாதிச் சுவரில் பூசணிக் கொடியை இழுத்துப் போட ஒரு ஆள் வேண்டுமாம். பார்ப்போம்.

நேற்று சாயங்காலம் புவனா அந்த பேடோடு வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணே, இந்த லைட்ட திரும்ப எரிய வச்சிக் குடுங்க."

"ஏன்? அது எரிஞ்சா பேட்டரி நிக்காதே புவனா. கொஞ்ச நாள்ல பழையபடி ரெண்டு சாயங்காலம்தான் வரும்."

"வரட்டும்" என்றாள். "பேச வேண்டியத பேசியாச்சு. இனி சும்மா விளையாடத்தானே போறோம்."

மூன்று விநாடி அழுத்தினேன். சரியாக வேலை செய்த ஒரு சாமானைப் பழையபடி கெடுத்துக் கொடுத்து, அதற்கு நன்றியும் வாங்கியது, எனக்கு இதுதான் முதல் தடவை.